அடியில்லாத பை

கோவென்ட்ரியிலிருந்து லெஸ்டருக்குக் குடிமாறி வரும் நண்பன் போன வாரம் கேட்டான். "ஊர்லேர்ந்து அம்மா அப்பா வர்றாங்கடா. நீ எப்பவும் சொல்லுவியே அந்த பப், அங்க ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூட்டிட்டுப் போகலாமா?" மூன்று வருடம் முன்பு கேட்டிருந்தால் தாராளமாகப் போ என்றிருப்பேன். இந்தத் தடவை பதில் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. அந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது பயன்படும். பப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

2014 டிசம்பரில் அலுவலக நண்பர் ஒருவர் என்னை முதன்முதலில் அங்கே அழைத்துப் போனார். வெளியே உறைபனி, உள்ளே கணப்பு. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்றதும் சிக்கனும் லீக் என்ற வெங்காயத்தண்டும் போட்ட பை (pie) ஒன்றைச் சொன்னார், மாவுக்குள் கறியை வைத்து மூடிச் சுடும் பலகாரம் அது. அதுவரை இங்கிலாந்துச் சாப்பாடு என்றால் உப்பில்லாத உருளைக்கிழங்கு என்று நினைத்திருந்தவன் நான். தட்டில் வந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு பொன்னிறக் கட்டி. ஓரமெல்லாம் விரலால் மடித்து மடித்து அழுத்திய தடம், நம் வீட்டுச் சோமாசியின் விளிம்பு போலவே. கத்தியை வைத்ததும் மேல்மாவு மெல்லிய சத்தத்தோடு உடைந்தது. உள்ளே வெண்ணிறக் குழம்பு, பூப்போல வெந்த கோழி. ஆனால் என்னை அசரவைத்தது அடிமாவுதான். மேல்பாதி குழம்பை உறிஞ்சிப் பதமாக, கீழ்ப்பாதி பிஸ்கட் போல மொறுமொறுப்பாக. கிரேவியைத் தனிக் கிண்ணத்தில் கொடுத்தார்கள், ஊற்றுவதும் ஊற்றாததும் நம் விருப்பம். அன்றைக்கு விலை 9 பவுண்டு 95 பென்ஸ்.

தமிழில் எழுதும்போது 'பை' என்பது கைப்பை மாதிரி ஒலிக்கிறது. யோசித்துப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். உள்ளே இருப்பதைச் சுற்றிலும் பிடித்து வைப்பதுதானே பை? அடியில்லாத பையைத் தூக்கிக்கொண்டு யாராவது காய்கறிக் கடைக்குப் போவார்களா?

இப்போது அந்த பப்பில் கிடைப்பது அடியில்லாத பை. 2023-ல் நிர்வாகம் கைமாறியது. அங்கே சமையலறையைப் பார்த்துக்கொண்ட பெண்மணி வேலையை விட்டுப் போனார். அடுத்த தடவை போனபோது ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் வந்தது. கிண்ணத்துக்குள் குழம்பு, அதன்மேல் உப்பிய பஃப் பேஸ்ட்ரித் துண்டு ஒன்று தொப்பி மாதிரி. கிண்ணத்தின் ஓரத்தில்கூட ஒட்டவில்லை. கரண்டியால் நகர்த்தினால் தெப்பம் போல மிதந்தது. மூடியைத் தனித் தட்டில் சுட்டுவைத்து, கேட்டபோது குழம்பைச் சூடாக்கி மேலே எடுத்து வைக்கிறார்கள். மாவும் கறியும் ஒன்றாக அடுப்புக்குள் போனதே இல்லை. அப்புறம் எப்படி ஒன்றின் ருசி இன்னொன்றில் இறங்கும்? பூரணத்தைக் கிண்ணத்தில் போட்டு, மேலே ஒரு மாவு வில்லையை வைத்து, இதுதான் கொழுக்கட்டை என்று பிள்ளையாருக்குப் படைத்தால் என் பாட்டி சும்மா விடுவாரா?

இது அயல்நாட்டான் ஒருவனின் வீண் பிடிவாதம் இல்லை. 2015-ல் இதே விஷயத்துக்காகப் பிரிட்டிஷ் நாடாளுமன்ற இணையதளத்தில் மனு போட்டார்கள், மூடி மட்டும் போட்ட குழம்பைப் பை என்று விற்பது குற்றமாக வேண்டும் என்று. அதுவும் நான் இருப்பது எந்த ஊர்? லெஸ்டருக்கு வடகிழக்கே சுமார் 15 மைலில் மெல்ட்டன் மோப்ரே. அந்த ஊர்ப் பன்றிக்கறிப் பைக்கு, நம் திண்டுக்கல் பூட்டுக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் இருப்பதுபோல, புவிசார் பாதுகாப்பு உண்டு. 2009-ல் தொடங்கிய பிரிட்டிஷ் பை விருதுகளுக்கான தீர்ப்பு அங்குள்ள புனித மேரி தேவாலயத்துக்குள்தான் நடக்கும். அங்கே விதி ஒன்றுதான் முதலில்: உள்ளீடு முழுவதும் மாவுக்குள் அடங்கியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊருக்கு அரைமணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு மூடி போட்ட கிண்ணத்துக்கு 17 பவுண்டு 50 பென்ஸ் வாங்குவதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

சரி, ருசி போனால் போகட்டும் என்று இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் நடந்ததுதான் கடைசி. மனைவியும் மகளும் கூட வந்திருந்தார்கள். முன்பெல்லாம் பாரில் போய் நின்றால் வரிசை இல்லாமலே அடுத்தது யார் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியும், கண்ணாலேயே கூப்பிடுவார். இப்போது மேஜையில் ஒட்டிய க்யூஆர் கோடு. போனிலேயே ஆர்டர், போனிலேயே பணம். சாப்பாடு வர 50 நிமிடம். அதுவும் மகளின் தட்டு முதலில் வந்தது, அவள் சாப்பிட்டு முடிக்கும்போது எனக்கு வந்தது. மூடியை விலக்கிக் கரண்டியை விட்டேன். ஓரம் கொதிக்கிறது, நடுவில் கோழித்துண்டு சில்லென்று இருக்கிறது.

இது வெறும் ருசி விவகாரம் இல்லை. கோழிக்கறியின் நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸில் 2 நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் உணவுத் தர முகமையின் வழிகாட்டல். அதைக் குத்திப் பார்க்கத் தெர்மாமீட்டர் என்று ஒன்று இருக்கிறது. மறுபடி சூடாக்குவதும் ஒரே ஒரு தடவைதான் என்பதும் அவர்கள் வழிகாட்டலே. நான் சொன்னதும் பரிமாறிய பெண் கிண்ணத்தை எடுத்துப் போனாள். ஆறு நிமிடத்தில் அதே கிண்ணம், நான் கரண்டி விட்ட பள்ளத்தோடு திரும்பி வந்தது. குழம்பு கொப்பளித்தது, மூடி ஈரத்துணி மாதிரி துவண்டு கிடந்தது. தொடாமல் தள்ளி வைத்தேன்.

மேலாளரைக் கூப்பிட்டேன். அவர் பார்வை முழுக்கக் கையிலிருந்த டேப்லெட்டில். வேண்டுமானால் அடுத்த தடவைக்கு இனிப்பு இலவசக் கூப்பன் தருகிறேன் என்றார். எனக்குக் கூப்பன் வேண்டாம், பையின் காசைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். கொடுத்தார், ஆனால் "மன்னிக்கவும்" என்ற ஒரு சொல் வரவில்லை. எனக்கு அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. வெளியே வந்து பில்லைப் பார்த்தால் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். நானே போனில் ஆர்டர் போட்டு, நானே போய்த் தண்ணீர் எடுத்துவந்து, நானே கத்தி முள்கரண்டி தேடி எடுத்ததற்கு. விருப்பமிருந்தால் மட்டும் தரலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை எடுக்கச் சொல்லவில்லை. 2024 அக்டோபர் 1 முதல் அந்தப் பணத்தை முதலாளி தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது, ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அந்தப் பெண் மேல் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் முப்பது மேஜைக்கு இரண்டே பேரை நிறுத்தியது அவள் இல்லையே.

பப் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று தெரியாமல் பேசவில்லை. 2022-ல் மின்சாரமும் எரிவாயுவும் ஏறிய ஏற்றத்தில் எத்தனையோ பப்கள் மூடின. 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ் ஆனது. அதே மாதம் ஊழியர் சம்பளத்தின் மேல் முதலாளி அரசுக்குக் கட்டும் தேசியக் காப்பீடு 13.8-லிருந்து 15 சதவீதமாகவும் ஏறியது. விலை கூட்டியதில் எனக்குக் குறையே இல்லை. 20 பவுண்டு கேட்டாலும் கொடுத்திருப்பேன். ஆனால் மாவும் வெண்ணெயும் எவ்வளவு விலை? அடிமாவை விட்டதால் மிச்சமானது ஒரு ஆள் காலையில் வந்து மாவு பிசைந்து, ஆறவிட்டு, விரித்து, அச்சில் பதித்து, விளிம்பு மடிக்கும் நேரம். அந்த நேரத்தை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் பட்டியலில் அப்படியே வைத்திருக்கிறார்கள். கிண்ணத்தில் கோழிக் குழம்பும் ஒரு பேஸ்ட்ரியும் என்று எழுதியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன்.

அப்புறம் பீர். இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். கீழே நிலவறையைப் பார்த்துக்கொள்பவர் மட்டும் பழைய ஆள். காஸ்க் ஏல் என்கிற வகை பீர் பீப்பாய்க்குள்ளேயே நொதித்துக்கொண்டிருக்கும் உயிருள்ள சரக்கு. 11 முதல் 13 டிகிரிக்குள் வைக்க வேண்டும், திறந்தபின் மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அவர் கைக்கு அது பழகிப்போயிருக்கிறது. ஒரு தடவை பீர் லேசாகப் புளித்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன் என் முகத்தைப் பார்த்து, தானே ஒரு வாய் குடித்துப் பார்த்து, கொட்டிவிட்டு, அது இப்போது இல்லை என்று காட்ட அந்த பம்பின் பெயரட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, வேறொன்றை ஊற்றித் தந்தார். நுரை கூடுதலாக இருந்தால் கேட்காமலே நிரப்பித் தருவார். இந்த ஊரிலேயே அவ்வளவு நல்ல பீர் வேறெங்கும் நான் குடித்ததில்லை.

பீரை வைத்துக் கணக்குப் போட்டால் 5-க்கு 4 நட்சத்திரம் வரும். நான் 1 கொடுக்கிறேன். கூட்டிக் கழித்து நடுவில் ஓர் எண்ணைப் போட மனம் வரவில்லை. திருப்பி வந்த கிண்ணத்தில் என் கரண்டி விட்ட பள்ளம் கண்ணிலேயே நிற்கிறது.

நண்பனுக்கு இன்றைக்குக் காலையில்தான் போன் செய்தேன். அம்மா அப்பாவை அங்கே கூட்டிப் போகாதே, ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு அழைத்து வா என்றேன். இந்த இரண்டு வருடத்தில் பை செய்யக் கற்றுக்கொண்டேன். அடிமாவின் மேல் தாளை விரித்து, உலர்ந்த கொண்டைக்கடலையைக் கொட்டி, முதலில் தனியாக ஒரு தடவை சுட்டு எடுத்தால் ஊறிப்போகாது. அப்பாவுக்கு மிளகு ஆகுமா என்று கேட்டேன், நிறையவே ஆகும் என்றான்.