அம்பாசமுத்திரம் மரச் சொப்பு: வாங்கலாமா?

அவசரமாகக் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் குழந்தைக்கு மூன்று வயது ஆகவில்லை என்றால் பெட்டியில் பாதியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு மீதியைக் கொடுங்கள்.

அம்பாசமுத்திரம் பக்கம் கடைசல் பட்டறைகளில் (மரத்தைச் சுழலவிட்டுச் செதுக்கும் இடம்) செய்கிற மரச் சொப்பைத்தான் சொல்கிறேன். அடுப்பு, குடம், அம்மி, ஆட்டுக்கல், உரல் உலக்கை, திருகை, தோசைக்கல், கரண்டி, சட்டி என்று எல்லாம் ஓர் ஓலைப்பெட்டிக்குள் அடைந்து வந்தது. அந்தப் பளபளப்பு அரக்கில் வருவது. மரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வண்ண அரக்கை அதன்மேல் வைத்து அழுத்துவார்கள், உரசுகிற சூட்டில் உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அடுப்பில் பல்தடமே விழுந்திருக்கிறது, நிறம் இன்னும் உரியவில்லை.

வீட்டில் ஏற்கெனவே பேட்டரி போட்ட கிச்சன் செட் ஒன்று உண்டு. பட்டனை அமுக்கினால் விளக்கு எரியும், தண்ணீர் கொதிக்கிற சத்தம் வரும். மகள் அமுக்குவாள், அது கொதிக்கும், மறுபடி அமுக்குவாள், அதோடு சரி. மரச்சட்டி தானாக எதுவும் செய்யாது என்பதால் ‘உஸ்ஸ்’ என்கிற சத்தத்தையும் அவளேதான் போட வேண்டியிருக்கிறது, சூடு என்று கையை உதறுவதும் அவள்தான்.

பொதுவாக ஒன்றரை வயதுவாக்கில் குழந்தைகள் காலி டம்ளரைத் தூக்கிக் குடிப்பதுபோல நடிப்பார்கள், அப்புறம் பொம்மைக்கு ஊட்டுவார்கள், இரண்டு வயதை ஒட்டி ஒரு பொருளை வேறொன்றாக வைத்துக்கொள்ள ஆரம்பிப்பார்கள். என் மகளுக்கு ஆட்டுக்கல் தெரியாது, அவள் பார்த்ததெல்லாம் மிக்ஸிதான். அதனால் ஆட்டுக்கல்லின் குழவியை உள்ளங்கையால் மூடிபோல அழுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, ‘ர்ர்ர்’ என்று சட்னி அரைக்கிறாள். பாட்டி திருத்தப் பார்த்தார், நான்தான் விடச் சொன்னேன். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி, குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையை வைத்து 1933இல் பேசியது இதைத்தான்: கையில் இருக்கும் பொருளும் மனதில் இருக்கும் அர்த்தமும் பிரிவது விளையாட்டில்தான்.

நாலு வயது அக்கா ஒருத்தி வந்துவிட்டால் ஆட்டமே வேறு. “நீ கஸ்டமர், தோசை இல்ல, பூரிதான் இருக்கு, காசு குடு” என்று அவள் அதிகாரம் பண்ண, இவள் தானும் சமைக்க வேண்டும் என்று கரண்டியைப் பிடுங்க, பாதி நேரம் யார் என்ன என்கிற பேச்சுவார்த்தையிலேயே போய்விடுகிறது. விட்டுக்கொடுப்பதும் முறை வைப்பதும் அதில்தான் பழகுகிறது, அடிதடி வரும்வரை நான் குறுக்கே போவதில்லை.

இனி குறைகள். உலக்கை, அம்மிக்குழவி, சின்னக் கரண்டி எல்லாம் வாயில் முழுசாகப் போகிற அளவு. நான் ஆன்லைனில் வாங்கிய கடை இதற்கு ‘ஒரு வயது முதல்’ என்று போட்டிருந்தது, அது அநியாயம். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றாலும், பதிவுசெய்த கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே முத்திரை இல்லையென்றால் போலி என்று நினைக்க வேண்டாம், அதே சமயம் சோதனை உங்கள் கையில்தான். ஒவ்வொன்றின் விளிம்பிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். எனக்கு வந்த திருகையின் அடிப்பக்கம் சிலாம்பு இருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். விலை பிளாஸ்டிக்கைவிடக் கூடத்தான். தனித்தனியாகத் தருகிற கடை கிடைத்தால் இரண்டு வயதுக் குழந்தைக்கு, பெரிதாக இருக்கிற குடம், சட்டி, அடுப்பு மட்டும் வாங்குங்கள், மற்றதெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.