பாக்கெட் வேலை யாருக்கு: கெர்னலுக்கா, கார்டுக்கா?

10 ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் (நெட்வொர்க்கில் தரவு பயணிக்கும் சிறு பொட்டலங்கள்) முழு வேகத்தில் வந்தால் நொடிக்குக் கிட்டத்தட்ட 1.49 கோடி. ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோநொடிதான். எல்லாவற்றையும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலே கவனித்தால் அப்ளிகேஷனுக்கு சிபியுவில் என்ன மிஞ்சும்?

செக்சம் (தரவு பிழையின்றி வந்ததா என்று சரிபார்க்கும் எண்) கணக்கு, 64 கிலோபைட் வரையான தரவை 1,460 பைட் துண்டுகளாக வெட்டுவது போன்றவற்றை நெட்வொர்க் கார்டிடம் தயங்காமல் விடலாம். நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளுக்கு கெர்னல் ஒரே தடவை உழைத்தால் போதும். சின்னச் சின்ன செய்திகள் அனுப்பும் சர்வரில் இந்த வெட்டும் வேலையால் லாபம் குறைவு.

சரி, தரவை விடுபடாமல் வரிசையாகக் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபி முழுவதையும் கார்டுக்கே கொடுத்துவிட்டால்? அங்கேதான் எனக்குத் தயக்கம். பாதுகாப்புப் பிழை வந்தால் கார்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை அதன் தயாரிப்பாளர் திருத்தும்வரை காத்திருக்க வேண்டும். கெர்னலின் ஃபயர்வாலும் அந்த இணைப்புகளைப் பார்க்காது. லினக்ஸ் டெவலப்பர்கள் இதை எதிர்த்தது நியாயமே.