நிலை–நேர வரைபடத்துக்கு மீயொலி உணரி: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தும் நண்பர் ஒருவர், ஒரு பொருள் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் நிலை–நேர வரைபடத்தை விளக்குவதற்கு, ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 மீயொலி உணரியை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய அதே உணரியை, நிரலெழுதி இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையோடு இணைத்து, மேற்கு மாம்பலத்தில் நான் நடத்தும் தனிவகுப்பில் நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். தளர்ந்துபோன ஜம்பர் ஒயர்களைச் சென்ற வாரம்தான் மாற்றினேன்.

அதன் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏறி, சமமாகச் சென்று, பிறகு இறங்கும் கோட்டைக் கரும்பலகையில் வரைந்தால், அதை மலைப்பாதையாகவே படிக்கும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்; சமமான பகுதியில் பொருள் சீரான வேகத்தில் போகிறது என்று உறுதியாகச் சொல்வார்கள். அவர்களையே உணரியின் முன் நிறுத்தி, இந்தக் கோடு திரையில் வரும்படி நடந்து காட்டச் சொன்னால் அந்த எண்ணம் நிலைப்பதில்லை. விலகிப் போனால் கோடு ஏறுகிறது, நெருங்கினால் இறங்குகிறது, விரைந்தால் சாய்வு கூடுகிறது, நின்றால்தான் கிடைக்கோடு கிடைக்கிறது. சாய்வு எதிர்க்குறி பெறுவது வேகம் குறைந்ததால் அன்று, திசை மாறியதால்தான் என்பதை, உணரியை நோக்கி விரைந்து வந்த மாணவி ஒருவர் யாரும் சொல்லாமலே கண்டுகொண்டார். செங்குத்துக் கோட்டை யாராலும் நடந்து காட்ட முடியாது, ஒரே கணத்தில் பல இடங்களில் இருந்தால்தான் அது வரும் என்பதும் அங்கேயே விளங்கிவிடுகிறது.

ஆனால் அந்தக் கிடைக்கோட்டைத்தான் ஆர்டுயினோ மென்பொருளில் அளவீடுகளைக் கோடாக வரைந்து காட்டும் சீரியல் பிளாட்டர் ஒழுங்காகக் காட்ட மறுக்கிறது. வருகின்ற எண்களுக்கேற்பச் செங்குத்து அச்சின் அளவை அது தானாகவே மாற்றிக்கொள்கிறது. மாணவர் அசையாமல் நின்றால், அளவீட்டில் இயல்பாக உள்ள சிறு ஆட்டமே திரை முழுவதும் விரிந்து மலைத்தொடராகிவிடுகிறது. எந்த எண்ணத்தை நீக்குவதற்காக இதை வகுப்புக்குக் கொண்டுவந்தேனோ, அதையே திரை மறுபடியும் ஊட்டுகிறது! கிடை அச்சிலும் நேரம் இல்லை, எத்தனையாவது அளவீடு என்ற எண்தான் இருக்கிறது. நிரலில் இடைவெளியை மாற்றினால் அதே நடை வேறு சாய்வைக் காட்டும். அந்தச் சாய்வைத் திசைவேகம் என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஒவ்வோர் அளவீட்டோடும் (சென்டிமீட்டரில்) 0, 400 என்ற மாறா எண்களைச் சேர்த்து அனுப்பினால் அச்சு நிலைபெறும். ஆயினும் தளர்ந்த துப்பட்டாவில் பட்டு எதிரொலி தவறும்போது வரும் பொய்யான பெரிய எண் அதையும் கலைத்துவிடுகிறது. மாணவர்கள் மார்புக்கு நேராக ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பதே இதற்கு நல்ல வழி. நேரத்தையும் நிலையையும் பதிவுசெய்து விரிதாளில் வரையலாம் என்றால், நடக்கும்போதே கோடு வளர்வதைக் காணும் வாய்ப்பு போய்விடும்.

உணரியைக் குறை சொல்வது நியாயமாகாது. 20 பாகை செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர்; 35 பாகையில் சுமார் 352. நிரலில் இதைத் திருத்தாவிட்டால் 3 மீட்டர் தொலைவில் 8 சென்டிமீட்டர் அளவுக்குப் பிழை வரும், ஆனால் வரைபடத்தின் வடிவம் கெடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். ஒரே பாடவேளையில் வகுப்பு முழுவதையும் நடக்க வைக்க வேண்டிய ஆசிரியருக்கு, திரையோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது. வேண்டுமானால் என்னுடையதை அட்டையோடு எடுத்துச் சென்று, முதலில் ஒரு வகுப்பில் பயன்படுத்திப் பார்க்கட்டும்.