1,40,000 ரூபாய் போச்சு: பழைய வீட்டு மாடி வேலை கொடுக்கிறவங்க பாத்துக்கோங்க

நேத்து ராத்திரி மழையில கூடத்துல நாலு இடத்துல ஒழுகுது. வேலை கொடுக்கறதுக்கு முன்னாடி ஒழுகினது ஒரே இடம். இதுக்கு நான் கொடுத்தது 1,40,000 ரூபாய். கோபம் ஆறறதுக்குள்ள எழுதிடறேன். என்னென்ன பாக்கணும்னு கடைசியில சொல்றேன்.

திருவல்லிக்கேணியில தாத்தா கட்டின வீடு, மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அது மேல சின்னச் செங்கல்லை மூலைவாட்டமா குத்திட்டு நிறுத்தி சுண்ணாம்புச் சாந்துல பதிச்சது, அதுக்கு மேல செங்கல் ஜல்லி, தட்டோடு. அம்மா மட்டும் அங்க இருக்காங்க. எனக்கு சிறுசேரியில வேலை. சனி, ஞாயிறு போய் ஒவ்வொண்ணா சரி பண்ணிட்டு வந்தேன். ஜன்னல் பெயிண்டை நானே சுரண்டினேன். மாடி என்னால ஆகாதுன்னு, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஒரு ஆப்ல போட்டேன். பேர் வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் வேற வந்தா தாங்காது.

வந்த ஆள் வாசல்லயே செருப்பைக் கழட்டினார். அம்மா கொடுத்த காபியை டம்ளர் உதட்டுல படாம அண்ணாந்து குடிச்சார். மாடியில குந்தி உக்காந்து தட்டோட்டை விரல் முட்டியால தட்டித் தட்டிக் காது கொடுத்தார். "டொக்குனு கேக்குதா சார்? பிடிப்பு விட்டுப்போச்சு. இதுல சிமெண்ட் போட்டா வீடு காலி. சுண்ணாம்புதான் போடணும். எங்க தாத்தா கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்சுத் தளம் அடிச்சவரு."

கடுக்காய்னதும் அம்மா விழுந்துட்டாங்க. நானும்தான்.

ஆப் வழியா போனா 18 சதவீதம் ஜிஎஸ்டி, நேரா கொடுத்தா மிச்சம்னார். புக்கிங்கை என்னையே கேன்சல் பண்ண வெச்சார். ஜிபேயில 60,000. அடுத்த வாரம் "சரக்கு இறக்கணும்"னு 80,000. பில்? பேச்சே இல்ல.

வேலை நடந்ததெல்லாம் வார நாள்ல. அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. எனக்கு வாட்ஸப்ல போட்டோ வரும்: பீப்பாயில கடுக்காய்த் தண்ணி, பக்கத்துல சுண்ணாம்புக் குவியல். ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட பெருமையா காட்டினேன். இப்ப பெரிசு பண்ணிப் பாத்தா பின்னாடி தென்னந்தோப்பு. எங்க தெருவுல ஏதுங்க தென்னந்தோப்பு?

இன்னிக்குக் காலையில மூலையில ஒரு சாண் உளியால தட்டினேன். வெள்ளைக் கோட்டிங்குக்குக் கீழ சாம்பல் கலர். சிமெண்ட்! சுண்ணாம்புத் தளம் ஈரத்தைக் குடிச்சாலும் வெயில்ல வெளிய விட்டுடும். இப்படி மூடினா தண்ணி உத்தரத்துலதான் இறங்கும். ஒரு உத்தரத்து முனையில இப்பவே கறுப்பா வழிஞ்சிருக்கு.

முதல் மழைக்குப் ஃபோன் பண்ணப்போ, "புதுத் தளம் சார், ரெண்டு மழை குடிச்சா செட் ஆயிடும்." அடுத்து, "ஊர்ல துக்கம் சார்." அதுக்கடுத்து, "எந்த சைட் சார்?" எந்த சைட்டாம்! 1,40,000 வாங்கின சைட்டுய்யா. அப்புறம் ரிங் மட்டும்தான் போகுது. ஆப்காரங்களுக்கு மூணு தடவை பேசினேன். "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்", அப்புறம் "புக்கிங் கேன்சல்னு காட்டுது சார்". அதோட சரி.

விவரமா எழுத இப்ப பொறுமை இல்ல. ஆப்ல வந்த ஆளுக்குத் தனியா பணம் அனுப்பாதீங்க. பில் இல்லாம அட்வான்ஸ் வேண்டாம். தளம் போடற அன்னிக்கு லீவு போட்டாவது பக்கத்துல நில்லுங்க, போட்டோவை நம்பாதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915. அதுலயும் போட்டிருக்கேன். நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லையாம், தாம்பரத்துல இருக்கற மச்சான் சொன்னார், நாளைக்கு விசாரிக்கணும்.

நிஜமாவே சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச பெரியவர் யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க. அவர் செஞ்ச ஒரு மாடியை என் கண்ணால பாக்கணும்.