சுங்கை சிப்புட் மூலைக்கடை: தோசையும் கிடைக்கும், ஓட்டுக் கணக்கும் கிடைக்கும்

மலேசியாவுல பேராக் பக்கம் இருக்குற எங்க சுங்கை சிப்புட்ல பசியாற எங்க போலாம்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது ஒரே கடைதான். போர்டுல பேரு மங்கிப் போச்சு, ஆனா டவுன்ல மூலைக்கடைன்னு கேட்டா யாரும் கை காட்டிடுவாங்க. தோசை மெல்லிசா, ஓரம் மொறுமொறுன்னு வரும், தேங்காச் சட்னி அன்னன்னிக்கு அரைச்சது. நெத்திலி சம்பல் வெளிய வைக்க மாட்டாங்க, கேட்டாதான் வரும், கண்டிப்பா கேளுங்க. தே தாரிக் (நுரை வர இழுத்து ஆத்துற பால் டீ) இனிப்பு தூக்கலா இருக்கும், கொராங் மானிஸ், அதாவது இனிப்பு கம்மியான்னு முன்னாடியே சொல்லிடுங்க.

ஆனா சாப்பாட்டுக்கு மட்டும் நான் இவ்வளவு எழுத மாட்டேன். பின்னாடி மேசை இருக்கே, அதுக்காகத்தான் எழுதுறேன். அங்க உக்காருறவங்க பாதிப் பேரு தோட்டத்துல வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவங்க, சில பேரு எலெக்‌ஷன்ல பூத் ஏஜெண்டா இருந்தவங்க. நம்ம ஊர்ல ஓட்டுச் சாவடியில வயசு வாரியா சாலுரான், அதாவது தனித்தனி வரிசையாப் பிரிச்சு, ஒவ்வொரு சாலுரானையும் தனியா எண்ணி போராங் 14-ங்கற ஓட்டு எண்ணிக்கை பாரத்துல எழுதுறாங்க இல்லையா, அதனால பெரியவங்க எந்தப் பக்கம், சின்னப் பசங்க எந்தப் பக்கம்னு இவங்களுக்கு அன்னிக்கு ராத்திரியே தெரிஞ்சிரும். அப்ப இங்க எம்.பி.யா இருந்த சம்பந்தன் 1960-ல தோட்டத் தொழிலாளிங்ககிட்ட பத்துப் பத்து வெள்ளியா (ரிங்கிட்) சேத்து கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சதுல இருந்து பேசுவாங்க, 1974-ல இங்க எம்.பி.யா வந்த சாமிவேலு 2008 மார்ச் 8-ல டாக்டர் ஜெயக்குமார்கிட்ட தோத்தது வரைக்கும் வந்து, அங்க நின்னு ரொம்ப நேரம் பேசுவாங்க. 2007 நவம்பர்ல இந்தியர் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராப் பேரணிக்கு எந்த வீட்டுப் பிள்ளை கேஎல் (கோலாலம்பூர்) போச்சு, திரும்பி வந்து அப்பா அம்மாகிட்ட என்ன சொல்லுச்சு, அதைக் கேட்டு எந்த வீட்டு ஓட்டு மாறுச்சுன்னு வீடு வீடா சொல்லுவாங்க. டிவியில வர்ற ஆய்வாளருக்கு இது தெரியாது.

2024 நவம்பர் 5 மத்தியானம் நான் அங்க இருந்தப்ப டிவியில அமெரிக்கா எலெக்‌ஷன் ஓடுச்சு. நியூ ஹாம்ப்ஷியர்ல டிக்ஸ்வில் நாட்ச்னு ஒரு குட்டி ஊரு, அங்க நடுராத்திரி 12 மணிக்கே ஓட்டுப் போட்டு உடனே எண்ணிடுவாங்க, நமக்கு அப்ப மதியம் 1 மணி. மொத்தம் ஆறே ஓட்டு, ட்ரம்ப்புக்கு 3, கமலா ஹாரிஸுக்கு 3. 2020-ல அதே ஊர்ல பைடனுக்கு 5, ட்ரம்ப்புக்கு ஒண்ணு கூட இல்ல.

தோட்டத்துல பால்மரம் சீவி ரப்பர் பால் எடுத்த ஒரு பாட்டி உடனே கேட்டாங்க, "அஞ்சும் ஒருத்தருக்கே போச்சுன்னா யாரு யாருக்குப் போட்டாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிருச்சே, அப்புறம் என்னய்யா ரகசிய ஓட்டு?" தோட்டத்துல இருந்தவங்களுக்குத்தான் இந்தக் கேள்வி இவ்வளவு சீக்கிரம் வரும், ஒரு தோட்டத்துப் பொட்டியில ஓட்டு மாறி விழுந்தா கிராணிக்கும் (தோட்டத்து கிளார்க்) தண்டலுக்கும் (மேஸ்திரி) தெரிஞ்சிருமோன்னு பயந்து ஓட்டுப் போட்டவங்க அவங்க. பக்கத்துல இருந்த அண்ணன் இன்னொரு கணக்கு போட்டாரு. அந்த ஆறு பேர்ல நாலு பேரு ட்ரம்ப் கட்சின்னு பதிஞ்சவங்க, மத்த ரெண்டு பேரு எந்தக் கட்சியும் சொல்லாதவங்க, ட்ரம்ப்புக்கு விழுந்தது மூணுதான், அப்ப கட்சிக்காரர்லயே ஒருத்தராவது மாத்திப் போட்டிருக்கணும். ஜனவரியில கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அங்க ஆறு ஓட்டும் நிக்கி ஹேலிக்குத்தான் போச்சு, அதையும் சேத்துப் பாத்தா அண்ணன் சொன்னது எனக்கு ரொம்ப சரியாப் பட்டுச்சு. சின்ன ஊருன்னாலே ஒரே பக்கம்தான்னு நம்ம ஆளுங்க சொல்றதெல்லாம் சும்மா.

பாட்டிக்கு நான் ஒண்ணு சொன்னேன், அந்த ஊர்ல 1960-ல இந்தப் பழக்கம் ஆரம்பிச்சதுல இருந்து முதல் ஓட்டு போட்டுக்கிட்டு வந்த நீல் டில்லட்சன்ங்கறவரு ரப்பர் பால்ல பலூன் செஞ்சு பெரிய ஆளானவரு, கையுறையும் செஞ்சாரு, 102 வயசு வரைக்கும் இருந்தாருன்னு. பாட்டி முகம் மலர்ந்து போச்சு. "பால்ல சம்பாதிச்சவரா!"ன்னு மேசை முழுக்க எல்லார்கிட்டயும் திருப்பித் திருப்பிச் சொன்னாங்க.

இந்த மாதிரி பேச்சு வேற எந்தக் கடையிலயும் எனக்குக் கிடைக்கல. கட்சிச் சண்டை உண்டு, சத்தம் உண்டு, ஆனா 2022 எலெக்‌ஷன்ல மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் விக்னேஸ்வரனுக்குப் போட்டவரும் ஜெயிச்ச கேசவனுக்குப் போட்டவரும் ஒரே மேசையில பக்கத்துப் பக்கத்துல உக்காந்து சாப்பிடுறாங்க. கடைக்கார அக்காவும் யாரையும் விரட்ட மாட்டாங்க, ஒரு தே ஓவுக்கு (பால் இல்லாத டீ) ரெண்டு மணி நேரம் உக்காந்தாலும் மூஞ்சி சுளிக்க மாட்டாங்க.

குறைன்னா, ஃபேன் பின்னாடி மேசைக்கு எட்டாது, மத்தியானம் வேர்த்துக் கொட்டும். சாயங்காலம் கடை கிடையாது. சில்லறைக் காசு கொண்டு போங்க. எலெக்‌ஷன் நெருங்குனா எட்டு மணிக்கு மேல பின் மேசையில இடம் கிடைக்காது, சீக்கிரமே போயிடுங்க.