ஊழியப் பயிற்சி நிலைய வாழ்க்கை: கட்டணம் குறைந்திருக்கிறது, கடிதம் குறையவில்லை

சபைத் தம்பி ஒருவன் ஒரு கிறிஸ்தவ ஊழியப் பயிற்சி நிலையத்தின் நோட்டீஸை எனக்கு ஃபார்வர்டு செய்து, "அக்கா, நீங்க இருந்த இடம்தானே இது, கட்டணத்துல நல்ல சலுகை போட்டிருக்காங்க, சேரலாமா?" என்று கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் போடலாம் என்று ஆரம்பித்தது இவ்வளவு நீளமாகிவிட்டது. முதலில் மாணவியாக, அப்புறம் முழுநேர ஊழியராகச் சில வருடங்கள் அங்கே இருந்தேன். வெளியே வந்தும் சில வருடங்கள் ஆகிவிட்டன. இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்கள் தெரியாதது போல இருந்துகொள்ளுங்கள்.

இந்த மாதிரிப் பயிற்சி எப்படி இருக்கும் என்பது சபை வாலிபர் கூட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். 1960இல் லோரன் கன்னிங்காம் தொடங்கிய ஒய்வாம் (YWAM, Youth With A Mission) என்ற வாலிபர் மிஷன் இயக்கத்தின் சீஷத்துவப் பள்ளிதான் இதற்கு அச்சு: மூன்று மாதம் வகுப்பு, அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் அவுட்ரீச், அதாவது வெளியூர் ஊழியப் பயணம், நடத்துகிற யாருக்கும் சம்பளம் கிடையாது. நான் இருந்தது அவர்களுடைய நிலையம் இல்லை, அந்த அச்சை வாங்கி நம் ஊர்க்காரர்கள் நடத்துவது. விடியற்காலை மணி, தனி ஜெபம், ஆராதனை, வகுப்பு, மத்தியானத்துக்கு மேல் வேலை, சாயங்காலம் மன்றாட்டு ஜெபம், இரவு பத்துக்கு விளக்கு அணைப்பு. இதிலெல்லாம் எனக்குப் புகார் இல்லை. வாராவாரம் ஒரு போதகர் வந்து வகுப்பு எடுப்பார், பாதிப் பேர் அருமை, பாதிப் பேர் போன வாரம் வந்தவர் சொன்னதையே சத்தமாகச் சொல்வார்கள். அதைக் கட்டணத்தோடு சேர்த்துப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் கோபத்தில் மறந்துவிடும். அந்த இடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய ஆச்சரியம் சமையலறை. பைபிள் வகுப்பில் ஒரு வாரம் முழுக்க "தாழ்மை" என்று பேசியதை விட, ஒரு டாக்டர் வீட்டுப் பையனும் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பெண்ணும் ஒரே அண்டாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சாம்பார் அடிப்பிடித்த கறையைச் சுரண்டியதில் அதிகம் நடந்தது. கழிப்பறை முறை எல்லாருக்கும் வரும், லீடருக்கும் வரும். நம் சபைகளில் "நீங்க எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்பது எதற்கு என்று நமக்குத் தெரியாதா என்ன. ஒரே பாயில் இருபது வருடம் அசனச் சோறு சாப்பிட்டவர்கள்கூட கல்யாணப் பேச்சு வந்தால் அந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள். அங்கே யாரும் அதைக் கேட்டதில்லை, கேட்க நேரமும் இல்லை, அடுப்பில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கும். மிசோரமிலிருந்து வந்த தோழி உப்பும் கீரையும் போட்டு வேகவைத்ததை முதல் மாதம் நாங்கள் எல்லாரும் முகம் சுளித்துச் சாப்பிட்டோம், மூன்றாம் மாதம் அவள் முறை எப்போது வரும் என்று அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு குரலில் பாடுவதும் அவளிடம் கற்றதுதான், பாத்திரம் தேய்த்துக்கொண்டே. இன்றைக்கும் எந்தக் கூட்டத்துக்குச் சமைக்கச் சொன்னாலும் எனக்குக் கை நடுங்காது.

சரி, இப்போது கடிதம்.

ஊழியருக்குச் சம்பளம் இல்லை என்றால் அவர் எப்படிச் சாப்பிடுவார்? தன் சபையிலும் சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் பங்காளர்களை, அதாவது காணிக்கை கொடுத்துத் தாங்குபவர்களை, சேர்க்க வேண்டும். அவர்கள் மாதாமாதம் அனுப்புவதில் ஒரு பங்கை நிலையத்துக்குத் தங்கும் செலவாகக் கட்ட வேண்டும். மீதி சொந்தச் செலவுக்கு. இது விசுவாச வாழ்க்கை என்று வகுப்பில் சொல்வார்கள். நடைமுறையில் இது பங்காளர்களுக்கு மாதம் ஒரு ஜெபக் கடிதம் எழுதும் வாழ்க்கை. அதற்கு ஒரு படிவம் உண்டு: இத்தனை வீடு சந்தித்தோம், இத்தனை கைப்பிரதி கொடுத்தோம், இத்தனை பேர் ஜெபத்துக்குக் கை உயர்த்தினார்கள், இத்தனை பேர் இயேசுவை ஏற்கத் தீர்மானம் எடுத்தார்கள், கூடவே படங்கள். ஆபீஸிலிருந்து ஒருவர் கடிதத்தைப் படித்துப் பார்த்து, "இதுல உயிர் இல்லையே சிஸ்டர், ஒரு சாட்சி சேருங்க" என்று திருப்பி அனுப்புவார். காய்ச்சலில் படுத்திருந்த மாதத்திலும் உயிருள்ள சாட்சி வேண்டும்.

கொஞ்ச நாளில் என்ன ஆகும் என்றால், ஒரு வீட்டுக்குள் நுழையும்போதே கடிதத்தில் இது எப்படி வரும் என்று மனது எழுத ஆரம்பித்துவிடும். ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு மகன் ஓடிப்போன கதையை ஒரு மணி நேரம் சொல்வாள், நாமும் கேட்போம், நல்ல ஒரு மணி நேரம்தான், ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. "வீடு: 1" என்று போட வேண்டும். பக்கத்துத் தெருவில் இருநூறு கைப்பிரதியை வேகமாகக் கொடுத்துவிட்டு வந்தவர் என்னைவிட இருநூறு மடங்கு உழைத்தவர் ஆகிவிடுவார்.

நிலையத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். முன்பு வெளிநாட்டுச் சபைகள் மூலம் பணம் வரும், அதில் கட்டடமும் ஜீப்பும் ஓடும். 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள் இல்லையா, ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றக் கூடாது, கணக்கு டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் கிளையில்தான் திறக்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று. பெரிய அமைப்புகளிடமிருந்து சின்ன நிலையங்களுக்கு வந்துகொண்டிருந்த வாய்க்கால் அதோடு அடைபட்டது. அதற்குப் பிறகு உள்ளூர்ப் பங்காளர்தான் கதி, பங்காளர் என்றால் கடிதம்தான் கதி. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் பயந்திருப்பேன். ஆனால் பயந்தவர்கள் செலவைக் குறைக்கவில்லை, படிவத்தில் இன்னும் இரண்டு கட்டம் கூட்டினார்கள்.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது ஒடிசா அவுட்ரீச்சில். அங்கே 1967இலிருந்தே மத சுதந்திரச் சட்டம் இருக்கிறது; பலவந்தம், மோசடி, ஆசைகாட்டல் மூலம் மதம் மாற்றுவது குற்றம், ஆசைகாட்டல் என்பதில் பரிசுப் பொருளும் அடக்கம். நாங்கள் குளிருக்குக் கம்பளி கொடுத்தோம், எந்த நிபந்தனையும் இல்லாமல், எல்லா வீட்டுக்கும். நல்ல காரியம். ஆனால் கடிதத்துக்காகக் கம்பளி வாங்கும் ஆட்களின் முகம் தெரியப் படம் எடுத்து, கீழேயே "இந்தக் கிராமத்தில் சிலர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள்" என்று போட்டால் அதை ஒரு போலீஸ்காரர் எப்படிப் படிப்பார்? ஊழியம் பண்ணுகிற நாங்களே எங்கள் மேல் சாட்சி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும். அதுவும் கடிதம் வாட்ஸ்அப்பில் போகிறது, யார் யாருக்கு ஃபார்வர்டு ஆகும் என்று கணக்கே இல்லை. எங்கள் குழுவில் ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அங்கே கிறிஸ்தவர்களுக்கு எதிராக நடந்த 2008 கலவரத்தில் வீட்டை இழந்து நிவாரண முகாமில் இருந்த குடும்பம். அவள் கெஞ்சினாள், முகம் வேண்டாம், ஊர்ப் பெயர் வேண்டாம் என்று. நாங்கள் திரும்பி ரயில் ஏறிவிடுவோம், அந்த ஜனங்கள் அங்கேயே இருக்க வேண்டியவர்கள். "பங்காளர்கள் பார்க்கணும் இல்லையா" என்று பதில் வந்தது. படம் போனது. எதுவும் நடக்கவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் எதுவும் நடக்கவில்லை என்பதற்காக அது சரியாகிவிடாது.

கடிதத்தால் இன்னொன்றும் நடக்கும், அதை யாரும் வகுப்பில் சொல்வதில்லை. சென்னையில் பெரிய சபையிலிருந்து வந்தவர், ஆங்கிலம் நன்றாக எழுதுபவர், அவருக்கு மாதம் நிறைய வரும். கந்தமால் பெண்ணுக்கு யார் அனுப்புவார்? அவளுடைய சபையே தார்ப்பாயின் கீழ் கூடுகிற சபை. மூன்று மொழி பேசுவாள், எந்தக் கிராமத்திலும் முதலில் கதவு திறப்பது அவளுக்குத்தான், ஆனால் ஒவ்வொரு மாதமும் தங்கும் செலவு பாக்கி என்று ஆபீஸ் பலகையில் அவள் பெயர்தான் தொங்கும். ஒரே அண்டாவில் சாப்பிட வைத்த இடம், பலகையில் எங்களைப் பிரித்து எழுதியது. நர்சிங் படித்த இன்னொரு சிஸ்டர், பக்கத்து ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் டியூட்டி பார்த்துத் தன் செலவைக் கட்டுகிறேன் என்றார். விசுவாசக் குறைவு என்று சொல்லிவிட்டார்கள்.

கூடாரம் தைத்துப் பிழைத்த அப்போஸ்தலன் பவுலை வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறார்கள்! பிலிப்பியருக்கு அவர் எழுதியதும் ஒரு வகையில் பங்காளர் கடிதம்தான், அனுப்பியதற்கு நன்றி சொல்லி எழுதியது, அதில் எத்தனை வீடு சந்தித்தேன் என்று ஒரு எண்ணும் இல்லை. வங்காளத்துச் செராம்பூரைப் பாருங்கள். 1800இல் மிஷனரிகளான வில்லியம் கேரியும் மார்ஷ்மேன் தம்பதியும் வார்டும் ஒரே வீட்டில் குடியிருந்து, ஒரே மேஜையில் சாப்பிட்டு, பொதுப் பணப்பை வைத்துக்கொண்டார்கள். கேரி கல்கத்தாவில் ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் வங்காளம் கற்பித்து வாங்கிய சம்பளம், மார்ஷ்மேன்கள் நடத்திய பள்ளியின் வருமானம், அச்சகத்தில் வந்தது, எல்லாம் அந்தப் பைக்குள் போனது. 1805இல் இதையெல்லாம் உடன்படிக்கையாகவே எழுதிக்கொண்டார்கள். யாருடைய விசுவாசமும் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. பின்னால் சொத்து விவகாரத்தில், தங்களை அனுப்பிய இங்கிலாந்து பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தோடு சண்டை முற்றி 1827இல் பிரிந்தது வேறு கதை. பொதுப் பை வைத்தாலும் பணம் பணம்தான். நம் பக்கத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 30க்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதியவர், எழுத்துக்குக் கஞ்சத்தனம் பண்ணியவர் இல்லை, ஆனால் ஜனங்களிடம் பணம் தாருங்கள் என்று கேட்பதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். எழுதுவது வேறு, எண்ணிக் காட்டுவது வேறு.

மிசோ தோழி தன் ஊர்க் கதை சொல்வாள். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள், சபைக்குப் போகும், விற்ற பணத்தில் ஊழியம் நடக்கும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டிமார்களுக்கும் இந்தப் பிடியரிசி தெரியும். "உங்க ஊர்ல அந்த அம்மாங்க கடிதம் கேட்பாங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. அரிசி கர்த்தருக்குக் கொடுத்தது, அதற்கு எதற்குக் கடிதம் என்றாள்.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தனிமை கிடைக்காது, அழ வேண்டும் என்றால் தண்ணீர் டாங்கிக்குப் பின்னால் போக வேண்டும், அங்கேயும் ஒருவர் ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பார். பி.எஃப். கிடையாது, மெடிக்கல் கிடையாது, வெளியே வந்து வேலை தேடும்போது அந்த வருடங்களை ரெஸ்யூமேயில் என்ன பெயரில் போடுவது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். என் நெருங்கிய நட்புகள் எல்லாம் அங்கே கிடைத்தவை. நடுராத்திரி போன் பண்ணினால் எடுப்பவர்கள் அவர்கள்தான், கூடப் பிறந்தவர்கள்கூட அடுத்த நாள் காலையில்தான் திருப்பிக் கூப்பிடுவார்கள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், போன வாரம் கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன். இன்று காலை அவர்களுடைய இந்த மாதக் கடிதம் வந்தது, ஒரு சின்னப் பையன் மூக்கு ஒழுக நோட்டுப் புத்தகம் வாங்கும் படம், ஊர்ப் பெயரோடு, பக்கத்திலேயே எண்கள். அதனால் இரண்டு. சலுகையைப் பார்த்துச் சேராதே தம்பி, அவர்கள் குறைத்தது மாணவர் கட்டணத்தைத்தான், ஊழியராகத் தங்கினால் உன் பெயர் பலகையில் ஏறும். படமும் எண்ணும் இல்லாமல் கடிதம் எழுத விடுவார்களா என்று சேருவதற்கு முன்னால் கேள், வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்கு. நான் மாதம் அனுப்புகிற காணிக்கையை இன்றைக்கும் அனுப்பிவிட்டேன், அது கந்தமால் பெண்ணின் பெயருக்குப் போகிறது, அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், எனக்கு இதுவரை ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. இதையெல்லாம் படித்த பிறகும் நீ போகத்தான் போகிறாய் என்று எனக்குத் தெரியும், நானும் யார் சொன்னதையும் கேட்காமல் போனவள்தான், ஆகவே நல்ல பக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு போ. அங்கே இருப்பவை எல்லாம் ஓட்டை.