ஃப்ரீடவுன் டான் பாஸ்கோ ஃபம்புல் இல்லம்: ஒரு நன்கொடையாளரின் அனுபவம்

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில், சலேசிய சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குருக்கள் தெருவில் வாழும் பிள்ளைகளுக்காக நடத்தும் இந்த இல்லத்துக்கு என்னால் முடிந்த சிறு தொகையை அனுப்பி வருகிறேன். அங்கே பேசும் கிரியோ மொழியில் ஃபம்புல் என்றால் குடும்பம். உள்நாட்டுப் போர் 2002-இல் முடிந்தது, பிறகு 2014-இல் எபோலா நோய் வந்து எத்தனையோ பிள்ளைகளின் பெற்றோரைக் கொண்டுபோனது. அப்படித் தனித்து நின்ற பிள்ளைகளுக்கும் இங்கே இடம் கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய பேருந்து. பிள்ளைகள் தேடி வரட்டும் என்று காத்திருக்காமல், இரவில் தெருவில் படுத்துக் கிடக்கும் பையன்களிடம் பணியாளர்களே அந்தப் பேருந்தில் போய், உட்கார்ந்து பேசி, நம்பிக்கை வந்த பிறகு இல்லத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அப்புறம் பாட்டியோ சித்தப்பாவோ எங்காவது இருக்கிறார்களா என்று தேடி அவர்களோடு சேர்த்துவைக்கப் பார்க்கிறார்கள். இதுதான் சரி என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் இல்லம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிள்ளை வளர வேண்டியது சொந்தங்களுக்கு நடுவில்தான்.

பழைய துணி பார்சல் அனுப்ப வேண்டாம், கப்பல் கூலியே துணி விலையைத் தாண்டிவிடும். பணமாகவே அனுப்புங்கள். மாதாமாதம் அனுப்பியபோது வங்கிக் கமிஷனே கணிசமாகப் போனது, அதனால் இப்போது மூன்று மாதத் தொகையைச் சேர்த்து அனுப்புகிறேன்.